காய்ச்சல் தொடங்கிய தேதி: கொசுவழி வைரஸ் தொற்றுகளைக் கண்டறிவதில் நான் கற்றவை

காரணம் புலப்படாத காய்ச்சலுடன் ஒருவர் வரும்போது, நான் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வது அந்தக் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் வேளையையும்தான். பொது மருத்துவப் பிரிவில் காய்ச்சல் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். எந்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பது, வந்த முடிவை எப்படிப் படிப்பது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்ற மூன்று தீர்மானங்களும், டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா போன்ற கொசுவழி வைரஸ் தொற்றுகளைப் பொறுத்தவரை, அந்த ஒரு தேதியை நம்பியே இருக்கின்றன. இதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது ஒரு தகவலாகத்தான் தெரிந்தது; நோயாளிகளின் படுக்கையருகே நின்றபோதுதான் அதன் கனம் புரிந்தது.

தேதியைக் கேட்டு வாங்குவது தோன்றுகிற அளவுக்கு எளிதன்று. "மூணு நாளா காய்ச்சல்" என்பார்கள். அது இரண்டாகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும். ஆகவே நினைவில் நிற்கக்கூடிய வேறு செய்திகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது என் வழக்கம். முதல் பாராசிட்டமால் மாத்திரையை எப்போது போட்டீர்கள், அன்று வேலைக்குப் போனீர்களா, அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கினீர்களா, உடம்பு சுடுகிறது என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால், உடன் வந்தவர் பெரும்பாலும் நோயாளியைத் திருத்துவார்: "இல்ல டாக்டர், ஞாயித்துக்கிழமை சாயங்காலமே குளிருதுன்னு போர்த்திக்கிட்டுப் படுத்தாரு." அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் நாள். குறிப்பேட்டிலும் "3 நாள் காய்ச்சல்" என்று எழுதாமல் தேதியையே எழுதுகிறேன். நாள் கணக்கை எழுதினால், இரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவர் அதையே பார்த்து மறுபடியும் "3 நாள் காய்ச்சல்" என்று எழுதிவிடுவார். தேதி எழுதியிருந்தால் யார் பார்த்தாலும் அன்றைய கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளலாம்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் தொடங்கும் நாளிலேயே ரத்தத்தில் வைரஸ் மிகுதியாக இருக்கிறது. அதன் என்எஸ்1 என்ற புரதமும் முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது. ஆகையால் முதல் ஐந்து நாள்களில் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) அல்லது என்எஸ்1 ஆன்டிஜென் பரிசோதனைதான் பயன் தரும். தொற்றை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் ஆன்டிபாடி பொதுவாக நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் செய்து, அது நெகட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று முடிவுகட்டினால், உடல் இன்னும் உண்டாக்கவே தொடங்காத ஒன்றைத் தேடிவிட்டு இல்லை என்று சொல்வதாகும். மறுபுறம், ஏழாம் நாளில் என்எஸ்1 மட்டும் செய்து நெகட்டிவ் என்றாலும் அதே பிழைதான். முன்பே டெங்கு வந்தவருக்கு வேறொரு வகை டெங்கு வைரஸால் மறுபடியும் தொற்று ஏற்படும்போது கணக்கு இன்னும் சிக்கலாகிறது. பழைய தொற்றை உடல் நினைவில் வைத்திருப்பதால் ஐஜிஜி என்ற மற்றொரு ஆன்டிபாடி விரைவாக உயர்ந்து, என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொண்டு மறைத்துவிடுகிறது. அத்தகையோரிடம் நான்காம் நாளிலேயே என்எஸ்1 நெகட்டிவாக வந்துவிடக்கூடும். ஐஜிஎம்மும் குறைவாகவே இருக்கலாம். கடுமையான டெங்குவுக்கு அதிக வாய்ப்புள்ளவர்களும் இவர்களே என்பதுதான் கவலைக்குரியது. இதனால் மூன்றாம் நாளைக் கடந்து வருபவர்களுக்கு என்எஸ்1, ஐஜிஎம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

வெளியில் எடுத்த "டெங்கு நெகட்டிவ்" என்ற சீட்டுடன் வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சீட்டில் எந்தப் பரிசோதனை, எந்தத் தேதியில் எடுத்த ரத்தம் என்று தேடுவேன். இளைஞர் ஒருவர் நினைவில் நிற்கிறார். இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் செய்யப்பட்டு, நெகட்டிவ் என்றதால் குடும்பமே நிம்மதியடைந்திருந்தது. என்னிடம் அவர் வந்தது ஐந்தாம் நாள் மாலை. காய்ச்சல் விட்டிருந்தது. மனைவி கேட்டார்: "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" அவரோ வயிற்றைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார், கைகள் குளிர்ந்திருந்தன, காலையிலிருந்து நான்கு முறை வாந்தி எடுத்திருந்தார். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) உயர்ந்திருந்தது, தட்டணுக்கள் வேகமாகச் சரிந்திருந்தன. அன்றே எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று மறுநாள் வந்தது. ஆனால் அந்த முடிவுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. உள்நோயாளியாகச் சேர்த்து, அளந்து அளந்து நரம்புவழித் திரவம் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். அவர் நலமாக வீடு திரும்பினார்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, வெப்பம் தணிந்ததும், நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியத் தொடங்குகிறது. ஒன்று முதல் இரண்டு நாள் வரை அது நீடிக்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறு அல்லது மூக்கிலிருந்து ரத்தக்கசிவு, அசதி அல்லது நிலைகொள்ளாமை, ஈரல் வீக்கம், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்தல், தட்டணு விரைந்து குறையும்போது ஹீமட்டோகிரிட் உயர்தல் ஆகியவற்றை எச்சரிக்கைக் குறிகளாக உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி வரிசைப்படுத்துகிறது. உறவினர்கள் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு ஹீமட்டோகிரிட்டைப் பற்றி விளக்க முயல்கிறேன். கசிவைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அந்த நோயாளியின் வழக்கமான அளவிலிருந்து 20 விழுக்காடு உயர்ந்தால் கசிவு கணிசமானது என்று பொருள். ஆகவே காய்ச்சல் வந்த முதல் சில நாள்களிலேயே ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கை எடுத்துவைப்பது பெரிய உதவி, ஏனெனில் பின்னால் ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை அளவு இருக்கும்.

ஆய்வக முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் நடுவே உள்ள அளவில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, தளர்த்தியபின் முழங்கையின் உட்புறத்துக்குக் கீழே ஓர் அங்குலச் சதுரத்தில் எத்தனை சிவப்புப் புள்ளிகள் எழுகின்றன என்று எண்ணலாம். பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது பரவலான கணக்கு. இது டெங்குவை உறுதிசெய்யாது, இல்லாவிட்டால் விலக்கவும் முடியாது. ஆனாலும் வெள்ளையணு குறைந்தும், முகம் சிவந்தும், கண்ணுக்குப் பின்னால் வலித்தும் இருப்பவரிடம் இதுவும் பாசிட்டிவானால் என் சந்தேகம் வலுக்கிறது. வெள்ளையணு முதலில் குறையும், தட்டணு அதன்பின் குறையும். நியூட்ரோஃபில் வகை வெள்ளையணு உயர்ந்திருந்தால் பாக்டீரியாத் தொற்றை நோக்கி மனத்தைத் திருப்புவேன். டெங்கு இல்லை என்று தெளிவாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபென் வகை வலிநிவாரணிகளும் கூடாது. பாராசிட்டமால் மட்டும் போதும். மூட்டுவலி தாங்காமல் துடிப்பவரிடம் இதைச் சொல்வது கடினம், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிக்குன்குனியா 1952இல் தான்சானியாவின் மகோண்டே பீடபூமிப் பகுதியில் வெளிப்பட்டபோதே டெங்குவைப் போன்றது என்றுதான் விவரிக்கப்பட்டது. இன்றும் முதல் இரண்டு நாள்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். எனக்கு உதவுவது கைகள். நோயாளியை விரல்களை மடக்கி முட்டி பிடிக்கச் சொல்வேன். இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒரேபோல வீங்கி, பாதி மடங்குவதற்குள் அவர் முகம் சுளித்தால், சிக்குன்குனியாவுக்கான பிசிஆரையும் சேர்த்தே எழுதுவேன். டெங்குவில் வலி பெரும்பாலும் தசையிலும் எலும்பின் ஆழத்திலும் இருக்கும். மூட்டு வீங்குவது அரிது. ஜிகாவில் காய்ச்சல் இலேசானது. அரிக்கும் தடிப்பும் சீழில்லாத செங்கண்ணும் முன்னிற்கும். ஆனால் இந்த மூன்றையும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரிப்பேன் என்று யாரேனும் உறுதி சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒரே கொசு வகையான ஏடிஸ் மூன்றையும் பரப்புவதால் ஒரே பகுதியில், ஒரே காலத்தில் மூன்றும் உலவக்கூடும். ஒரே குழாயில் மூன்றையும் தேடும் பிசிஆர் முறைகள் இருப்பதும் இதற்காகத்தான்.

விரைவுப் பரிசோதனை அட்டைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அட்டையின் உறையில் எத்தனை நிமிடத்தில் படிக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். வேலை நெருக்கடியில் அதை மேசையில் வைத்துவிட்டு, வேறு மாதிரிகளை முடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பது எங்கும் நடக்கிறது. அதற்குள் பரிசோதனைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் நிழல் தோன்றியிருக்கும். அதை முடிவாகக் கொள்ளக்கூடாது. குறித்த நேரத்துக்குள் தெரிந்த கோடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது பாசிட்டிவ். நேரம் கடந்தபின் தெரிந்த கோடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் அந்த அட்டையையே கழித்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். அட்டை அருகில் ஒரு நேரங்காட்டியை வைப்பது மிகச் சிறிய ஏற்பாடு. அதனால் தவிர்க்கப்படும் குழப்பம் பெரிது.

கொசுவழி வைரஸைத் தேடும் முனைப்பில் மற்றவற்றை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. மலேரியா உள்ள பகுதியில் வாழ்பவரானாலும், அங்கே சென்று வந்தவரானாலும், முதல் ரத்தத்திலேயே மலேரியாவுக்கான ரத்தப் பூச்சுச் சோதனையும் பார்த்தாக வேண்டும். அது மருந்தால் குணமாகக்கூடியது, தாமதித்தால் உயிரைப் பறிக்கக்கூடியது. என்எஸ்1 பாசிட்டிவ் என்பது மலேரியாவை விலக்கிவிடாது. இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியும். கெண்டைக்கால் தசையை அழுத்தினால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலையும், நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் காய்ச்சலில் டைபாய்டையும் நினைக்க வேண்டும். டைபாய்டு என்று சந்தேகித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்த வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட வேண்டும்.

டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற முடிவுடன் ஒரு பெண்மணி வந்தார். அது டெங்குதான் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. ஆனால் அவர் வந்தது ஒன்பதாம் நாள், காய்ச்சலோ 103 டிகிரிக்குக் குறையாமல் நின்றது. டெங்குக் காய்ச்சல் பொதுவாக இரண்டு முதல் ஏழு நாள்களில் விட்டுவிடும். கணக்கு ஒத்துவராததால், செவிலியர் துணையுடன் உடலை முழுமையாகப் பரிசோதித்தேன். அக்குள் மடிப்பில், சிகரெட்டால் சுட்ட வடுப்போல, கறுத்த பொருக்குடன் வலியில்லாத ஒரு புண் இருந்தது. அது உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தபின் இரண்டு நாளில் வெப்பம் இறங்கியது. டெங்கு ஐஜிஎம் ஒருமுறை தோன்றினால் இரண்டு மூன்று மாதம்வரை, சிலரிடம் அதற்கும் மேலாக, ரத்தத்தில் நிற்கும். அவருக்குச் சில வாரங்களுக்கு முன் வந்துபோன காய்ச்சலின் மிச்சமாக அது இருந்திருக்கலாம். ஒரேயொரு ரத்த மாதிரியில் கிடைத்த ஐஜிஎம்மை "அண்மையில் தொற்று இருந்திருக்கலாம்" என்ற அளவிலேயே ஏற்கிறேன்.

ஆன்டிபாடிப் பரிசோதனைகளுக்கு இன்னொரு வரம்பு இருக்கிறது. டெங்கு, ஜிகா, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் ஆகிய எல்லாமே ஃபிளேவி வைரஸ் குடும்பம். ஒன்றுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி மற்றொன்றின் பரிசோதனையிலும் ஒட்டிக்கொள்ளும்; இதைக் குறுக்கு எதிர்வினை என்கிறோம். 1999இல் நியூயார்க்கில் மூளைக்காய்ச்சல் நோயாளிகள் திடீரெனப் பெருகியபோது, ஆன்டிபாடிப் பரிசோதனைகள் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சலையே முதலில் சுட்டின. அதே காலத்தில் நகரெங்கும் காகங்களும், விலங்குக் காட்சிசாலையில் பறவைகளும் இறந்துகொண்டிருந்தன. அந்தப் பறவைகளின் திசுக்களை ஆராய்ந்த பிறகே அது அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை கண்டிராத மேற்கு நைல் வைரஸ் என்பது தெளிவாயிற்று. பயிற்சி மருத்துவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ தடுப்பூசி போட்டவரா என்று கேட்காமல் ஒரு ஃபிளேவி வைரஸ் ஆன்டிபாடி முடிவைப் படிக்கவே கூடாது. எந்த வைரஸ் என்பதைப் பிரித்தறிய வேண்டுமானால் எந்த வைரஸை ஆன்டிபாடி செயலிழக்கச் செய்கிறது என்று பார்க்கும் நடுநிலையாக்கல் சோதனை தேவை. அதைச் சில உயர்நிலை ஆய்வகங்களே செய்கின்றன, பல நாள் பிடிக்கும், முன்பே வேறொரு ஃபிளேவி வைரஸ் தாக்கியவரிடம் அதுவும் சில வேளைகளில் தெளிவான விடை தருவதில்லை. "அண்மைக்கால ஃபிளேவி வைரஸ் தொற்று, எது என்று உறுதிசெய்ய இயலவில்லை" என்று ஆய்வகம் எழுதினால் சில மருத்துவர்கள் எரிச்சலடைகிறார்கள். எனக்கு அது நேர்மையான அறிக்கையாகவே படுகிறது.

கர்ப்பிணிகளிடம் இந்தக் கவனம் பல மடங்கு வேண்டும். ஜிகா வைரஸ் 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டறியப்பட்டது. வெகுகாலம் அது இலேசான நோய் என்றே கருதப்பட்டது. பிரேசிலில் 2015இல் பரவியபின் பிறந்த குழந்தைகளின் தலை சிறுத்திருப்பது கண்டறியப்பட்டு, 2016 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. ரத்தத்தில் இந்த வைரஸ் சில நாள்களிலேயே குறைந்துவிடுகிறது, சிறுநீரில் அதைவிட நீண்ட நாள் கிடைக்கிறது. எனவே தடிப்புடன் வரும் கர்ப்பிணிக்கு ரத்தம், சிறுநீர் இரண்டையும் ஒரே நாளில் பிசிஆருக்கு அனுப்புகிறேன். ஐஜிஎம் ஒன்றை மட்டும் வைத்து, கருவைப் பற்றிய பெரிய தீர்மானம் எதையும் அவர் எடுத்துவிடாதபடி, குறுக்கு எதிர்வினை என்றால் என்ன என்பதை அவருக்கும் கணவருக்கும் உட்கார்ந்து விளக்குவேன். அதற்குச் செலவாகும் நேரத்தை நான் ஒருபோதும் குறைத்துக்கொள்வதில்லை.

காய்ச்சலுடன் மனக்குழப்பமோ வலிப்போ கழுத்து விறைப்போ வந்தால் தேடவேண்டிய இடம் மாறுகிறது. மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டிலும் நோயாளி நம்மிடம் வரும் நேரத்தில் வைரஸ் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கியிருக்கும்; ரத்தப் பிசிஆர் நெகட்டிவ் என்பதற்கு அங்கே பொருளில்லை. மூளைத் தண்டுவட நீரில் ஐஜிஎம்மைத் தேட வேண்டும். நோயின் தொடக்கத்தில் எடுத்த நீரில் அது இல்லையென்றால், ஒரு வாரத்துக்குப் பின் மறுபடியும் பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களிடம் ஆன்டிபாடி உருவாகாமலே போகலாம். அவர்களிடம் மட்டும் பிசிஆர் நெடுநாள் கைகொடுக்கிறது. இதற்கிடையே ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் விலக்கப்படும்வரை அசைக்ளோவிரைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் வைரஸ் மூளைக்காய்ச்சல்களில் நேரடி மருந்து இருக்கும் மிகச் சிலவற்றில் அது முக்கியமானது.

பயணம் செய்தவரிடம் புறப்பட்ட தேதியையும் கேட்கிறேன். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றும் கொசு கடித்த இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். நோய் உள்ள பகுதியை விட்டு வந்து மூன்று வாரம் கழித்துத் தொடங்கிய காய்ச்சலுக்கு அவை காரணமாக இருக்க வாய்ப்பில்லை, மலேரியாவோ பல வாரம் கழித்தும் வரலாம். "கொசு கடித்ததா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். கடிபட்டது பலருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அது நோயறிதலுக்கு உதவுவதில்லை.

எங்கள் ஆய்வகத்துடன் பேசி, பரிசோதனை வேண்டுகைப் படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த தேதி, பயணம், தடுப்பூசி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் சேர்த்தோம். முதல் கட்டம் வெறுமையாக இருந்தால் ஆய்வகத்திலிருந்து வார்டுக்குத் தொலைபேசி வரும். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் தேதி கிடைத்ததால், அறிக்கையில் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதோடு "இந்த நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் தொற்றை விலக்காது, மீண்டும் அனுப்பவும்" என்ற ஒரு வரியை ஆய்வக மருத்துவரால் சேர்க்க முடிகிறது. அந்த வரியைப் படித்துவிட்டு இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்ததை நான் கண்டிருக்கிறேன். பிசிஆருக்கான மாதிரியை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த குழாயில் எடுக்கக்கூடாது, அது வினையைத் தடுக்கும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரை) விரைவில் பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். ஒரு பகுதியை மைனஸ் 70 டிகிரியில் சேமித்துவைக்க வேண்டும்.

எல்லா முடிவும் நெகட்டிவாக வந்து, நோயாளியும் தேறிவிட்டால், பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்துவிடுகிறது. நலமானவர் மறுபடியும் ஊசி குத்திக்கொள்ள ஏன் வருவார்? நான் வீட்டுக்கு அனுப்பும்போதே இரண்டு வாரம் கழித்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி, அது எதற்காக என்றும் சொல்கிறேன்: இப்போது வந்தது டெங்குதானா என்று தெரிந்தால், பின்னொரு நாள் மறுபடியும் காய்ச்சல் வரும்போது எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், பார்க்கும் மருத்துவருக்கும் தெரியும். இப்படி விளக்கிச் சொன்னால் கணிசமானோர் வருகிறார்கள். அவர்களின் இரண்டாவது மாதிரியை அனுப்பும்போது, சேமித்துவைத்த முதல் மாதிரியையும் வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே நாளில், ஆன்டிபாடியை அளக்கும் ஒரே எலைசா சோதனைத் தட்டில் அருகருகே வைத்துச் செய்யும்படி ஆய்வகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு உயர்ந்ததா என்பதை அப்படிச் செய்தால்தான் நம்பிச் சொல்ல முடியும். வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு கருவித்தொகுப்புகளில் செய்த எண்களை ஒப்பிட்டுச் சொல்ல முடியாது.